நாற்பத்துநாலாவது பூட்டு

முப்பத்தொன்றாம் கடைக்கு வந்து சேர்ந்தபோது அப்பாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதுகுக்குக் கை கொடுத்து அவரை நிமிர்த்தினாள். இருமல் அடங்க நாலைந்து நிமிடம் ஆயிற்று. உதட்டோரத்தைத் துடைத்து, ஈரத்துணியால் நாக்கை நனைத்து, மறுபடி தலையணையில் சாய்த்தாள். அப்பா கண்ணை மூடியபடியே வலது கையைப் போர்வைக்கு மேலே நீட்டினார். விரல்கள் காற்றில் எதையோ பிடித்து இரண்டு முறை இழுத்தன.

“மெயின் கேட்டு,” என்றார்.

“போச்சு,” என்றார் கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். “மறுபடி மொதல்லேர்ந்தா?”

“மொதல்லேர்ந்துதான் அண்ணே. வேற வழி கெடையாது.”

காலையிலிருந்து இது நாலாவது சுற்று. நேரடியாகக் கேட்டால் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. “பதினேழாம் கடைச் சாவி யாருக்குக் குடுத்தீங்க?” என்று கண்ணாடிக்கடைக்காரர் முந்தாநாள் தொண்டை வறளக் கேட்டும், அவர் யாரோ வழி கேட்க வந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மெயின் கேட்டிலிருந்து ஆரம்பித்தால்தான் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நடுவில் அறுந்தால் திரும்பவும் கேட்டுக்குத்தான் போகவேண்டும். இதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். நேற்று மத்தியானம் அவர் தூக்கத்தில் கையை இழுத்து இழுத்து முனகிக்கொண்டிருந்தபோது பிதற்றல் என்றுதான் முதலில் நினைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டபிறகுதான் புரிந்தது, மனிதர் வரிசையாகப் பூட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டு போகிறார் என்று.

முப்பத்தாறு வருடம் அவர் செய்த வேலை அது. பஸ் திரும்பும் கடைசி நிறுத்தத்தில், இரண்டு மாடியில், நடுவில் முற்றம் விட்டுக் கட்டிய ஷாப்பிங் சென்டர். கட்டியபோது சுற்றிலும் அளவுக் கல்லும் சேறும்தான். அந்தப் பக்கம் வீடு கட்ட வந்தவர்கள் ஆணி வாங்கக்கூட நகரத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த காலம். சென்டர் வந்தபிறகுதான் அந்த இடம் ஊர் என்ற பெயருக்கு லாயக்கானது. கடைகளுக்கு சென்டர் அலுவலகத்தின் சார்பில் சாவி கொடுத்தது அப்பா. தினமும் கடைக்காரர்கள் பூட்டிக்கொண்டு போனபின், ஒவ்வொரு பூட்டையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்து, கடைசியில் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் மெயின் சுவிட்சை இறக்குவதும் அப்பா. ஷட்டர் என்பதுதான் அவர் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

இப்போது சென்டரை ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டப்போகிறார்கள். பழைய அலுவலகம் யார் கையில் சாவி கொடுத்ததோ அவருக்கோ, அவரிடமிருந்து ஒழுங்காகக் கைமாற்றி வாங்கியவருக்கோ புதுக் கட்டடத்தில் இடம் உண்டு, இடையில் புகுந்தவர்களுக்குக் கிடையாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. அலுவலகப் பதிவேடுகளோ நிலவறையில் தண்ணீர் புகுந்து, டீயில் விழுந்த ரொட்டியாகக் கரைந்து போயிருந்தன. கடைக்காரர்கள் சொல்வதைக் கோர்ட்டில் கேட்கமாட்டார்கள், அவரவர் வாய்க்கு அவரவரே சாட்சி என்றால் எப்படி? மிச்சம் இருந்தது ஷட்டர் ஒருவர்தான். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. இன்று நாலு மணிக்கு நோட்டரி வக்கீல் வீட்டுக்கு வருகிறார். டாக்டர் நேற்றே, “இனிமே ஆஸ்பத்திரிக்கெல்லாம் அலைய வேண்டாம்மா, வீட்லயே இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் மடியில் நோட்டரி அலுவலகத்தில் அடித்துக் கொடுத்த தாள் இருந்தது. இடதுபக்கம் ஒன்றிலிருந்து நாற்பத்துநாலு வரை எண்கள், எதிரே கோடுகள். முப்பத்தொன்று வரை பெயர்கள் ஏறியிருந்தன.

“ஒண்ணு,” என்றார் அப்பா. “ரொட்டிக்கடை. தொறந்த அன்னைக்குக் கரண்டு இல்ல. மெழுகுவத்தி வச்சு வித்தான். அப்பன் போனப்புறம் மகன்.”

அவள் பேனாவின் பின்பக்கத்தால் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். இழுத்த பூட்டு டக்கென்று சத்தம் கொடுக்காவிட்டால் அவர் அடுத்ததுக்கு நகரமாட்டார். இதையும் அவள்தான் கண்டுபிடித்தாள்.

“ரெண்டு. மருந்துக்கடை. மூணு, மருந்துக்கடையேதான், நடுச் சுவர இடிச்சுட்டான். ஆபீஸ்ல கேக்காம இடிச்சுட்டு என்கிட்ட வந்து நின்னான்.”

தட்டு.

ஒன்பதாம் கடையில் பாட்டுக் கேசட் விற்றவன், பிறகு அதே இடத்தில் போன் பூத்து, பிறகு செல்போன் ரிப்பேர். பன்னிரண்டில் வீடியோ நூலகம். திருப்பித் தராத கேசட்டுக்காக இரண்டு வாத்தியார்கள் முற்றத்தில் கட்டிப் புரண்டது. பதினாலுக்கு எதிரே நகரும் படிக்கட்டு வைத்தார்கள், பதினொரு நாள் நகர்ந்தது, அப்புறம் இருபது வருடம் சும்மா நின்றது. அப்பா ஒவ்வொரு கடையின் முன்னாலும் நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். ஒரு சுற்றில் சொன்னதை அடுத்த சுற்றில் மாற்றவில்லை, சொற்களைக்கூட மாற்றவில்லை.

“பதினேழு. கண்ணாடி. அதுக்கு முன்னால பூச்செடி வித்தவன், அவன் முறையா எழுதிக் குடுத்தான். இவன் பவர் தப்பாப் போட்டு பேங்க் மேனேஜர் படியில உருண்டாரு.”

“இது வேற, நாலு தடவை,” என்று கண்ணாடிக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் தன் எண் வந்தபோதெல்லாம் அவர் மூச்சை நிறுத்திக் கேட்டதை அவள் பார்த்திருந்தாள். அறுபது வயதுக்கு மேல் அவருக்கும் போக வேறு இடம் கிடையாது.

இருபத்தைந்தைத் தாண்டியதும் மாடி. மாடியின் கதை கீழே மாதிரி இல்லை. புறவழிச் சாலையில் குளிர்சாதனம் போட்ட பெரிய கட்டடம் வந்தபிறகு மாடிக்கு ஏறுவாரே இல்லாமல் போயிற்று. பல் டாக்டர் போனார். டைப் சொல்லிக் கொடுத்தவர் போனார். அப்பாவின் குரலும் மாடி ஏறியதாலோ என்னவோ இளைத்தது. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவே மூச்சுக்காக நின்றார். முப்பத்தொன்றில் ரொம்ப நேரம் நின்றார்.

கண்ணாடிக்கடைக்காரரின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். உள்ளே வந்து அவள் காதோரம், “நோட்டரி வழி தெரியாம பஸ் ஸ்டாப்பிலயே நிக்கிறாராம். நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன். நீ விட்டுடாத தங்கச்சி. முப்பத்தி ரெண்டுலேர்ந்து பதிமூணு குடும்பம் இருக்கு,” என்றார்.

“போயிட்டு வாங்க அண்ணே.”

கதவு சாத்தப்பட்டது. அறையில் அப்பாவின் மூச்சும் சுவர்க்கடிகாரமும் மட்டும் இருந்தன.

“முப்பத்தி ரெண்டு,” என்றார் அப்பா.

அவள் எழுதினாள். தட்டினாள். முப்பத்துமூன்று, முப்பத்துநாலு. இருமல் வந்துவிடுமோ என்று பயந்து வேகவேகமாக எழுதினாள். முப்பத்தெட்டு, பயண ஏஜெண்ட், ஒரு நாள் பெட்டியோடு போனவன் போனவன்தான். கடையை ஆபீஸ் திருப்பி எடுத்து துணிக்கடைக்காரனுக்குக் கொடுத்தது. நாற்பது. நாற்பத்தொன்று. அப்பா மாடியிலிருந்து இறங்க ஆரம்பித்துவிட்டார். போர்வைக்குள் அவருடைய கால் விரல்கள் அசைந்தன.

நாற்பத்துநாலு அவளுடையது.

படிக்கட்டுக்குக் கீழே, மெயின் சுவிட்சுப் பெட்டியை ஒட்டி, கூரை சரிந்து வரும் இடம். நிமிர்ந்து நிற்பவர்கள் தலையில் இடித்துக்கொள்வார்கள். பழகிய வாடிக்கையாளர்கள் தானாகக் குனிந்துகொண்டு உள்ளே வருவார்கள். கால்சட்டை உயரம் குறைக்க, இடுப்பு பிடிக்க, ஜிப் மாற்ற, திரைச்சீலை ஓரம் மடிக்க. பத்தொன்பது வருடமாக அதில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு முன்னால் நாலு மாதம் இந்த வீட்டில், இதே அறையில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டியவன் இன்னொருத்தியோடு போய்விட்டான் என்று ஒரு பையோடு வந்து சேர்ந்தவளை அப்பா எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் தலையணைப் பக்கத்தில் ஒரு சாவியை வைத்தார். “படிக்கட்டுக்குக் கீழ எடம் காலியா இருக்கு. மெஷினும் இருக்கு. எந்திரி பாப்பா,” என்றார். எழுந்தாள். அந்தச் சாவி இல்லாவிட்டால் எழுந்திருக்கவே மாட்டாள் என்பது அவளுக்கு இன்றைக்கும் தெரியும்.

மெஷின் யாருடையது என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். “யாரோ விட்டுட்டுப் போனது,” என்றார். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று அன்றைக்கே பயம் இருந்திருக்கும்போல. அந்த மெஷினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, துணியை இடதுபக்கம் இழுக்கும். பத்தொன்பது வருடமாக இடதுகையால் எதிர்ப்பக்கம் பிடித்துப் பிடித்து அவள் மணிக்கட்டே கோணிப்போயிருந்தது. இப்போது ஐம்பத்தொரு வயது. ஊசியில் நூல் கோக்க வாடிக்கையாளரைக் கேட்கும் கண். அந்தச் சரிந்த கூரை போனால் அவளை வேலைக்கு வைத்துக்கொள்ள ஒருவரும் இல்லை. கையில் இருப்பதை வைத்து இந்த வாடகை வீட்டிலும் நாலு மாதத்துக்கு மேல் இருக்க முடியாது.

“நாப்பத்தி மூணு. சைக்கிள் பார்க்கிங்,” என்றார் அப்பா.

எழுதினாள். தட்டினாள்.

அப்பாவின் கை முன்னே நீண்டது. பிடித்தது. இழுக்கவில்லை.

“அப்பா. நாப்பத்தி நாலு,” என்றாள். இதுவரை அவள் எடுத்துக் கொடுத்ததில்லை. குரல் அவளுக்கே வேற்றாளின் குரலாகக் கேட்டது.

“நாப்பத்தி நாலு,” என்றார் அப்பா. “படிக்கட்டு. ஜிப்பம்மா.”

அவள் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள்.

“ஜிப்பு தைக்கும் அந்தம்மா. தொடப்பம் வைக்கிற எடமா இருந்துச்சு. நான்தான் ஆபீஸ்ல பேசி, நம்பர் போட்டு, சாவி வாங்கிக் குடுத்தேன். பன்னெண்டு வருசம் இருந்தா.” மூச்சு வாங்கினார். “மூணு நாள் வரல. வீட்டுக்காரருக்கு முடியல, ஆஸ்பத்திரில சேத்திருந்தா. நான் பூட்ட மாத்துனேன்.”

“அப்பா, போதும்.”

“நாலாம் நாள் வந்தா. சாவியப் போட்டுப் பாத்தா. எடுத்துத் தொடச்சிட்டுப் போட்டுப் பாத்தா. நான் படியில மேல நிக்கிறேன். ‘சாவி மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன் போலருக்குண்ணே’ன்னு என்கிட்ட சொல்லிட்டு வீட்டுக்குப் போனா. ரெண்டு பஸ் மாறிப் போகணும். போய், வீட்ல இருக்கற சாவியெல்லாம் எடுத்துட்டுத் திரும்பி வந்தா. ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தா.”

அவர் கை அந்தரத்திலேயே நின்றது.

“அப்புறந்தான் சொன்னேன். ஆபீஸ் உத்தரவுன்னு. ஆபீஸுக்கு ஒண்ணும் தெரியாது. மெஷினக் கேட்டா. தரேன்னேன்.”

“தந்தீங்களா?” என்று கேட்டாள். தரவில்லை என்று அவளுக்குத் தெரியாதா என்ன. அதில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் பேனாவைத் திருப்பி, கட்டில் சட்டத்தில் தட்டினாள். அப்பாவின் கை நகரவில்லை. இன்னொரு முறை தட்டினாள்.

“நீ எழுதல,” என்றார்.

“எழுதிட்டேன்பா.”

“பேனாச் சத்தம் வரல.”

முப்பத்தாறு வருடம் பூட்டுகளைக் கேட்ட காது. உடம்பில் மற்றதெல்லாம் போனபின்னும் அது ஒன்று மிச்சமிருந்தது. அவர் முகத்தில் வியர்வை அரும்பியது. மூச்சு ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. பூட்டாமல் இந்த மனிதர் போகமாட்டார். மெயினை இறக்காமல் போகமாட்டார். படிக்கட்டுக்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு அப்படியே நிற்பார். அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அதே நேரம் கோபமும் வந்தது. எனக்காகத்தானே செய்தாய், செய்ததைக் கடைசிவரை கொண்டுபோகக் கூடாதா, கடைசி நாளில் என் தலையிலா இறக்கிவைக்க வேண்டும் என்று அந்த வற்றிய தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

தாளைத் தொடையில் அழுத்தி வைத்துக்கொண்டு எழுதினாள். பேனா சரசரவென்று கேட்டது. நாற்பத்துநாலுக்கு எதிரே தன் பெயரை எழுதினாள்.

சட்டத்தில் தட்டினாள்.

அப்பாவின் கை இன்னும் இழுக்கவில்லை. “படி,” என்றார்.

வாசலில் கார் ஒன்று மெதுவாக வந்து, கடந்து போயிற்று. அவர்கள் இல்லை.

“படி பாப்பா.”

அவள் தாளைப் பார்த்தாள். அவளுடைய எழுத்து சற்றே இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

“நாப்பத்தி நாலு. படிக்கட்டு. ஜிப்பம்மா,” என்று படித்தாள்.

அப்பா பூட்டை இழுத்தார். ஒரு முறை. இன்னொரு முறை. முகம் தளர்ந்தது. கை மெல்ல மேலே போயிற்று, தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில் எதையோ தேடித் தொட்டது.

“மெயின்,” என்றார். கையை இறக்கினார்.

அதன்பிறகு அவர் பேசவில்லை.

நோட்டரி வந்தபோது நாலேகால். ஒல்லியான மனிதர், செருப்பை வாசலில் விடுவதா வேண்டாமா என்று தயங்கி, விட்டுவிட்டு வந்தார். கட்டிலைப் பார்த்ததும் முகம் மாறியது.

“நினைவு இருக்குதா இவருக்கு?”

“இப்ப வரைக்கும் பேசிட்டிருந்தாரு சார்,” என்றார் கண்ணாடிக்கடைக்காரர். “காலைலேர்ந்து நாலு தடவை வரிசையா சொன்னாரு. நான் சாட்சி.” குனிந்து, “ஷட்டர் அண்ணே,” என்று காதில் கூப்பிட்டார். இமை அசைந்தது. அசைந்ததை மூன்று பேரும் பார்த்தார்கள்.

கண்ணாடிக்கடைக்காரர் தாளை வாங்கி மேலிருந்து கீழாக விரல் வைத்து ஓட்டினார். பதினேழில் ஒரு கணம் நின்றது விரல். கீழே வந்து நாற்பத்துநாலில் நின்றது. அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அவருக்கும் ஜிப்பம்மாவைத் தெரியும். முப்பது வருடக் கடைக்காரர், ஒரு காலத்தில் ஜிப்பம்மாவிடம்தான் கண்ணாடி வைக்கும் பைகளுக்கு ஜிப் தைத்து வாங்குவார். தாளை நோட்டரியிடம் நீட்டினார்.

நோட்டரி மைப் பெட்டியைத் திறந்துவிட்டு, கையை நிறுத்திக்கொண்டார். “நான் ஒண்ணு கேட்டாகணும்மா. இதுல எழுதினத அவருக்குப் படிச்சுக் காட்டுனீங்களா? கேட்டுட்டு சரின்னு ஒத்துக்கிட்டாரா?”

“படிச்சுக் காட்டினேன் சார். ஒத்துக்கிட்டாரு,” என்றாள்.

அவள் படித்துக் காட்டியது ஒரே ஒரு வரி. அந்த வரி தாளில் இல்லை.

அப்பாவின் கட்டைவிரலை அவள்தான் பிடித்துக் கொடுத்தாள். சூடு இருந்தது. மையில் அழுத்தி, தாளில் வைத்து, இடமும் வலமுமாக உருட்டச் சொன்னார் நோட்டரி. உருட்டினாள். நீலமாக, வட்டம் வட்டமாக, நல்ல தெளிவாக விழுந்தது. கண்ணாடிக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போகும்போது அவள் தோளில் கை வைக்க வந்து, வைக்காமல் போனார்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா போனார். அவள் தண்ணீர் எடுக்க எழுந்து, டம்ளரோடு திரும்பி வருவதற்குள். சென்டரில் கூட்டம் நிறைந்திருக்கும் நேரம்.

முதலில் அவள் செய்தது, சோப்பையும் துணியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததுதான். முகத்தையோ கால்களையோ துடைக்கவில்லை. கட்டைவிரலைத் துடைத்தாள். நுரை நீலமாக வந்தது. மறுபடி துடைத்தாள். மேலே இருந்தது போயிற்று, ரேகைகளுக்குள் இறங்கியது போகவில்லை. பழைய பல் பிரஷ்ஷைத் தேடி எடுத்துவந்து தேய்த்தாள். உயிருள்ள விரல் என்றால் மூன்று நாளில் தானாகப் போய்விடும், தோல் புதிதாக வரும். இந்த விரலில் இனிமேல் எதுவும் புதிதாக வராது என்று தோன்றியபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே, வாய்விட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டும்வரை அழுதாள்.

மறுநாள் சென்டரில் ஒரு கடையும் திறக்கவில்லை. அது கட்டிய நாளிலிருந்து அப்படி நடந்ததில்லையாம். கூடத்தில் நாற்காலிகள் போதாமல் ரொட்டிக்கடைக்காரர் கடையிலிருந்து பெஞ்சுகளை வேனில் ஏற்றி அனுப்பினார். ஒவ்வொருவரும் வந்து அப்பாவின் காலடியில் நின்றுவிட்டு, அவளிடம் வந்து, “எங்க கடை நம்பரையும் மறக்காம சொன்னாராமே,” என்றார்கள். சிலர் அழுதார்கள். மெயின் கேட்டின் பூட்டு அப்பா ஓய்வுபெற்றதிலிருந்தே மக்கர் செய்வதாகவும், அவர் கைக்கு மட்டும்தான் அது பேசாமல் பூட்டும் என்றும் சைக்கிள் பார்க்கிங்காரர் சொன்னதற்கு ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டார்.

பன்னிரண்டு மணிக்குக் கண்ணாடிக்கடைக்காரர் கோர்ட்டிலிருந்து நேராக வந்தார். சட்டை முழுக்க வியர்வை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே, “ஏத்துக்கிட்டாங்க,” என்றார். “நாப்பத்தி நாலும். ஒண்ணுகூடத் தள்ளல.” கொஞ்சம் பொறுத்து, “உங்கப்பா பெரிய மனுசன்,” என்றார். அவள் தலையாட்டினாள். எதற்கு ஆட்டினோம் என்று தெரியவில்லை.

அப்பாவின் மேல் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. வலதுகையை உள்ளே வைத்துப் போர்த்தியது அவள்தான். யாராவது குனியும்போதெல்லாம் அந்தப் பக்கம் துணியைச் சரிசெய்தாள்.

வண்டி வருவதற்கு அரைமணி நேரம் முன்னால், வாசலில் ஒரு வயதான பெண் வந்து நின்றாள். கையில் துணிப்பை. முட்டி வலிக்காரர்களின் நடை. ரொட்டிக்கடைக்காரர் எழுந்து, “வாங்கம்மா, நல்லவேளை வந்துட்டீங்க,” என்று இடம் விட்டார். கூடத்தில் பேச்சு ஒரு நொடி தணிந்து, பிறகு முன்னைவிடச் சற்று உரக்கத் தொடர்ந்தது. கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து, போன் வந்ததுபோல வெளியே போனார். இன்னாரென்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண்ணின் இடது மணிக்கட்டு கோணியிருந்தது.

ஜிப்பம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மெல்ல, பெஞ்சைப் பிடித்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீதானே பொண்ணு?”

“ஆமாக்கா.”

“மெஷின் ஓடுதா இன்னும்?”

“ஓடுதுக்கா.”

“எடப்பக்கம் இழுக்குமே.”

“இழுக்குது.”

“அடியில, பாபின் மூடிக்குப் பின்னால ஒரு சின்ன ஓட்டை இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரல விட்டுத் தடவிப் பாரு. வாரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டா இழுக்காது. உனக்கு யாரு சொல்லியிருக்கப் போறாங்க.” அதில் குத்தல் எதுவும் இருந்ததா என்று அவள் தேடினாள். இல்லை. அது இருந்திருந்தால் எவ்வளவோ மேல்.

“வீட்ல அவரு?” என்று கேட்டாள், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

“அந்த வருசமே போயிட்டாரும்மா.”

வெளியே வண்டிக்கு வழிவிடச் சொல்லி யாரோ மோட்டார் சைக்கிள்களை நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

“ரொட்டிக்கடைத் தம்பி போன்ல சொல்லுச்சு,” என்றாள் ஜிப்பம்மா. “நேத்து எல்லாக் கடையையும் ஒண்ணு விடாம வரிசையா சொல்லி, கைநாட்டும் வச்சாராமே. படிக்கட்டுக்கு வந்தாரா?”

“வந்தாருக்கா,” என்றாள்.

ஜிப்பம்மா மேற்கொண்டு கேட்பாள் என்று அவள் காத்திருந்தாள். கேட்டால் சொல்லிவிடுவாள். அப்படித்தான் நினைத்தாள், அந்த ஒரு நிமிடம் உண்மையாகவே நினைத்தாள். வாயைத் திறந்துகொண்டுகூட இருந்தாள். ஜிப்பம்மா கேட்கவில்லை. தலையை இரண்டு முறை மெதுவாக ஆட்டிக்கொண்டாள், அவ்வளவுதான்.

வெள்ளைத் துணியின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது. ஜிப்பம்மாவின் கண் அதில் விழுந்தது. பழக்கதோஷம், கை தானாகப் போயிற்று. நூலை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று இழுத்தாள். நூல் அறுந்தது, கூடவே துணியும் விலகி, அப்பாவின் வலதுகை வெளியே வந்தது. கட்டைவிரல், ரேகைக்குள் இறங்கிய நீல மையோடு, மேலே பார்த்துக் கிடந்தது.

ஜிப்பம்மா அந்த விரலைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். மறுபடி விரலைப் பார்த்தாள்.

பிறகு துணியை எடுத்து அந்தக் கையின்மேல் போர்த்தினாள். ஓரத்தை அரை விரல்கடை உள்ளே மடித்தாள், அதை இன்னொரு முறை மடித்தாள். மடிப்பு கலையாமலிருக்க, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகத்தால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே போனாள்.